சுங்கை சிப்புட் குழுவை எங்கே திறப்பது? லெம்மி, மாஸ்டடான், எம்பின், புளூஸ்கை

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்தவர்கள் இன்று ஈப்போவில் ஒருவர், கிள்ளானில் ஒருவர், ஜொகூர் பாருவிலிருந்து தினமும் சிங்கப்பூர் போய்வருபவர் ஒருவர் என்று சிதறியிருக்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடு போய்த் தாமான் வந்தது. ஆனாலும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் தேதி குறித்தால் எல்லாருக்கும் சேதி போகவேண்டும். இப்போதைக்கு அந்த வேலையைப் புலனம் (வாட்ஸ்அப்) பார்க்கிறது. ஒரு புலனக் குழுவில் 1,024 பேர்தான் சேரலாம். சேர்வதற்கு இணைப்பு கையில் இருக்கவேண்டும். போன மாதம் யாரோ போட்ட தமிழ்ப்பள்ளிப் பாரம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். முகநூலில் தேடினால் குழு கிடைக்கும், ஆனால் சேர்ந்த பிறகு எந்தப் பதிவு யார் கண்ணில் படும் என்பது முகநூலின் இஷ்டம்.

ஆகவே கூட்டமைப்பு ஊடகங்கள் (தனித்தனிச் சேவையகங்களில் ஓடினாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக ஊடகங்கள்) பக்கம் ஒரு குழு திறக்கலாமா என்று முன்னாள் மாணவர் சங்கமோ கோயில் நிர்வாகமோ யோசித்தால் அதில் தப்பில்லை. எந்தச் செயலி அழகு, எதில் வசதி அதிகம் என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். செந்தூலில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஊர்ப்பெயரைத் தட்டினால் இந்தக் குழு அவர் திரையில் வருமா? அதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

பேப்பர் வேன் கணக்கு

லெம்மி, மாஸ்டடான், எம்பின், பைஃபெட், ஃபிரெண்டிக்கா எல்லாமே ஆக்டிவிட்டிபப் என்ற ஒரே நெறிமுறையில் பேசிக்கொள்பவை. 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. இவை தனித்தனி ஆட்கள் நடத்தும் தனித்தனிச் சேவையகங்களில் ஓடுகின்றன. எந்தச் சேவையகத்தில் எந்தக் குழு இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர்ப்பட்டியல் இந்த அமைப்புக்குள் கிடையாது. புதிதாக வருபவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான்.

தோட்டத்துக்குத் தமிழ்ப் பேப்பர் வந்த விதத்தை நினைத்தால் விளங்கிவிடும். ஒருவராவது சந்தா கட்டியிருந்தால் வேன் நின்று கட்டைப் போட்டுவிட்டுப் போகும். வந்த பேப்பரை மற்றவர்களும் வாங்கிப் படிப்பார்கள். யாருமே கட்டவில்லை என்றால் வேன் நிற்காது, அப்படி ஒரு பேப்பர் அச்சாகிறது என்பதே அந்தத் தோட்டத்துக்குத் தெரியாது. சேவையகமும் இப்படித்தான். அங்குள்ள ஒருவர் முகவரி கொடுத்துத் தேடினால்தான் வெளியே உள்ள குழு அங்கே அறிமுகமாகும். அவர் அதில் சேர்ந்தால்தான் புதிய பதிவுகள் வந்து இறங்கத் தொடங்கும். அதற்குப் பிறகே அங்குள்ள மற்றவர்களின் தேடலிலும் பொதுப் பக்கத்திலும் அது உயிரோடு தென்படும்.

கடைசிச் சந்தாதாரரும் விலகிவிட்டால் வேன் மறுபடி நிற்காது. ஆனால் பழைய பேப்பர் கடை மேசையில் கிடக்கும். குழுவின் பெயர் தேடலில் வரும், மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவுகள் தெரியும், புதிதாக ஒன்றும் இருக்காது. பார்ப்பவர் செத்துப்போன குழு என்று நினைத்து நகர்ந்துவிடுவார். சொந்தச் சேவையகத்திலோ அது ஜேஜே என்று நடந்துகொண்டிருக்கும். "நம்ம குரூப்ல யாருமே எழுதறதில்லையே" என்று தொலைபேசியில் குறைபட்டுக்கொள்பவர் பெரும்பாலும் இந்தப் பழைய பேப்பரைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார்.

லெம்மி

குழு நடத்துவதற்கென்றே எழுதியது லெம்மி. 2023 ஜூனில் ரெடிட் என்ற விவாதத் தளம், வெளிச் செயலிகள் தன்னோடு இணைவதற்கு விதித்த ஏபிஐ கட்டணத்தால் பயனர்களின் கோபத்தைச் சம்பாதித்தபோது இங்கே கூட்டம் பெருகியது. இதில் 'கம்யூனிட்டி' என்று இருப்பதைச் 'சமூகம்' என்று மொழிபெயர்த்தால் நம் ஊரில் அர்த்தம் வேறு பக்கம் போய்விடும். 'குழு' என்றே இருக்கட்டும்.

குழுவின் முகவரி ஆச்சரியக்குறியில் தொடங்கும்: !குழுப்பெயர்@சேவையகம். இங்கே தமிழில் காட்டினாலும் உண்மையில் ரோமன் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு இவ்வளவுதான் செல்லும். தமிழ் எழுத்தை ஏற்காது. வழக்கமான அமைப்பில் 20 எழுத்துக்குள் அடங்கவேண்டும். ஒருமுறை வைத்த பெயரை மாற்ற வழியில்லை. மேலே பெரிதாகத் தெரியும் தலைப்பைத் தமிழில் வைக்கலாம், பிறகு மாற்றவும் செய்யலாம்.

நம் ஊர்ப்பெயர் தொல்லை கொடுப்பது இங்கேதான். ரோமனில் சுங்கையை முழுதாக எழுதுபவர் உண்டு, எஸ்ஜி என்று இரண்டெழுத்தில் முடிப்பவர் உண்டு. பழைய எழுத்துக்கூட்டலில் ஏ இருக்கவேண்டிய இடத்தில் ஈ இருக்கும். தமிழிலும் சுங்கை சிப்புட், சுங்கை சிபுட், சுங்காய் சிப்புட் என்று ஆளுக்கொரு விதம். தேடல் எழுத்தைத்தான் ஒப்பிடும், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளாது. ஆகவே முகவரிக்கு முழு மலாய் வடிவத்தையே சேர்த்து எழுதுங்கள். ரோமனில் 11 எழுத்துதான் வரும். தலைப்பு தமிழில் இருக்கட்டும். மற்ற எழுத்துக்கூட்டல்கள், பேராக் என்ற சொல், அக்கம்பக்கத் தோட்டங்களின் பெயர்கள் எல்லாவற்றையும் விளக்கப் பகுதியிலும், மேலே ஒட்டிவைக்கும் முதல் பதிவிலும் எழுதிவிடுங்கள். குழுவின் பெயரில் சிக்காதவர் பதிவுத் தேடலிலாவது சிக்குவார். முகவரியை முழுதாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மாஸ்டடான் பற்றிச் சொல்லும்போது வரும்.

இனி, வேறு சேவையகத்தில் கணக்கு வைத்திருக்கும் கிள்ளான்காரர் ஒருவர் நம் குழுவில் முதல் ஆளாகச் சேர்வதைப் பார்ப்போம். முதலில் அவர் தன் சேவையகத்தில் உள்நுழைந்திருக்கவேண்டும். உள்நுழையாமல் தேடினால், அந்தச் சேவையகத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவை மட்டுமே வரும். புதிய குழுவை அது வெளியே போய்க் கேட்டுவராது. தேடல் பெட்டியில் ஊர்ப்பெயரை மட்டும் தட்டினால் போதாது, ஆச்சரியக்குறியோடு முழு முகவரியையோ குழுவின் முழு இணைய முகவரியையோ ஒட்டவேண்டும். முதல் தடவை ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் சில விநாடி பொறுத்து மறுபடி தேடவேண்டும். பின்னால் போய்க் கேட்டுவர அதற்கு நேரம் பிடிக்கும்.

குழு வந்ததும் தன் சேவையகத்தில் இருந்தபடியே அதைத் திறந்து சேரவேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில். புலனத்தில் நாம் அனுப்பிய இணைப்பைத் தொட்டால் அது நம் சேவையகத்தைத் திறக்கும். அங்கே அவருக்குக் கணக்கு இல்லை. 'உள்நுழைக' என்று கேட்கும். அவர் தன் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்ப்பார், தவறு என்று வரும், வெறுத்துப்போய் விட்டுவிடுவார். ஆகவே புலனத்தில் அனுப்பும்போது இணைப்போடு முகவரியையும் தனி வரியில் எழுதி, 'ஏற்கெனவே கணக்கு இருந்தால் இதை உங்கள் தேடலில் ஒட்டுங்கள்' என்று சேர்த்துவிடவேண்டும்.

சேர்ந்த பிறகு 'நிலுவையில்' என்ற நிலையிலேயே நின்றுவிடுவது உண்டு. பதிவுகள் வரத் தொடங்கினால் கண்டுகொள்ள வேண்டாம். வரவில்லை என்றால் விலகி மறுபடி சேரச் சொல்லுங்கள். அப்போதும் அண்மைப் பதிவுகள் சிலதான் வந்து சேரும். அவற்றின் பழைய பின்னூட்டங்களும் வாக்குகளும் கூட வருவதில்லை. குழு வெறிச்சோடித் தெரியும். குறிப்பிட்ட பழைய பதிவு ஒன்று வேண்டும் என்றால் அதன் இணைப்பை அதே தேடல் பெட்டியில் ஒட்டினால் இழுத்துவரும்.

மொழி அமைப்பு இன்னொரு கண்ணி. லெம்மியில் ஒவ்வொரு பதிவுக்கும் மொழி குறிக்கலாம், பட்டியலில் தமிழும் இருக்கிறது. பயனர் தன் அமைப்பில் தமிழை மட்டும் தேர்ந்துவிட்டு 'தீர்மானிக்கப்படாத' மொழியை விட்டுவிட்டால், மொழி குறிக்காத பதிவுகள் எல்லாம் அவருக்கு மறைந்துபோகும்; பலர் மொழி குறிப்பதே இல்லை. குழுவை நடத்துபவர் தமிழ் மட்டுமே செல்லும் என்று பூட்டினால், தன் அமைப்பில் தமிழைச் சேர்க்காத உறுப்பினரால் எழுதவே முடியாது, காரணமும் அவருக்குப் புரியாது. தமிழ், மலாய், ஆங்கிலம், தீர்மானிக்கப்படாதது ஆகிய நான்கையும் திறந்துவிடுவதே நல்லது. நம் ஆட்கள் ஒரே வாக்கியத்தில் மூன்றையும் கலந்துதானே எழுதுகிறார்கள்.

எந்தச் சேவையகத்தில் திறப்பது? லெம்மி.வேர்ல்ட் மாதிரி மிகப் பெரியதில் திறந்தால் வேன் அநேகமாக எல்லாத் தோட்டத்துக்கும் வழி தெரிந்து வைத்திருக்கும். ஆனால் பெரியதைச் சிலர் வெட்டிவிடவும் செய்வார்கள். 2023 ஜூனில் பீஹா என்ற சேவையகம், தங்களால் மட்டுறுத்திச் சமாளிக்க முடியவில்லை என்று சொல்லி லெம்மி.வேர்ல்டுடன் தொடர்பைத் துண்டித்தது. ஒரே நாளில் இரு பக்கத்தாரும் ஒருவர் குழுவை ஒருவர் இழந்தார்கள். நடுத்தரமான, நிர்வாகிகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களாக உள்ள, தடைப்பட்டியல் சின்னதாக இருக்கும் இடமே தேவை. லெம்மிப் பக்கத்தின் அடியில் 'இன்ஸ்டன்சஸ்' என்ற இணைப்பைத் திறந்தால், யாரோடு இணைந்திருக்கிறது, யாரைத் தடுத்திருக்கிறது என்ற இரண்டு பட்டியலும் இருக்கும். கணக்கு திறப்பதற்கு முன் படிக்கவேண்டிய பக்கம் அதுதான், வரவேற்புரை இல்லை.

வெளியிலிருந்து கைகொடுப்பவையும் உண்டு. லெம்மிவெர்ஸ் என்ற தளம் சேவையகம் சேவையகமாகப் போய்க் குழுக்களைப் பட்டியலிடுகிறது. லெம்மி ஃபெடரேட், தன்னோடு சேர்ந்துள்ள சேவையகங்களில் ஒரு தானியங்கிக் கணக்கை நம் குழுவில் சேர்த்துவிடும். அதாவது ஆளில்லாத தோட்டத்திலும் ஒரு சந்தா கட்டிவிடும். லெம்மி.வேர்ல்டில் புதிய குழுக்களை அறிவிப்பதற்கென்றே 'நியூ கம்யூனிட்டீஸ்' என்று ஒரு குழு இருக்கிறது. உறுப்பினர்கள் பொதுப் பக்கத்தைப் பார்க்கும்போது வரிசையை 'ஸ்கேல்டு' என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். 0.19 பதிப்பில் வந்த அந்த வரிசை சின்னக் குழுக்களைத் தூக்கிக் காட்டும். 'ஹாட்' வரிசையில் இருபது பேர் உள்ள குழு தலைகாட்டவே காட்டாது.

மாஸ்டடான்

மாஸ்டடானில் குழு என்றே ஒன்று கிடையாது. ஆட்களைப் பின்தொடரலாம், ஹேஷ்டேக்கைப் பின்தொடரலாம். பின்னது 2022 நவம்பரில் 4.0 பதிப்பில் வந்தது. ஹேஷ்டேக்கைத் தட்டினால் உலகத்தில் உள்ள எல்லாப் பதிவும் வரும் என்று நினைக்கவேண்டாம். அந்தச் சேவையகத்துக்கு வந்து சேர்ந்த பதிவுகள் மட்டுமே வரும். பதிந்தவரை அங்கே யாராவது பின்தொடர்ந்திருக்கவேண்டும், அல்லது யாராவது அதைப் பகிர்ந்திருக்கவேண்டும், அல்லது பல சேவையகங்களின் பதிவுகளை மொத்தமாக வாங்கி அனுப்பும் ரிலே ஒன்றில் நிர்வாகி சேர்ந்திருக்கவேண்டும். ஒரே ஹேஷ்டேக் பெரிய சேவையகத்தில் நாற்பது பதிவும் சின்னதில் இரண்டும் காட்டினால் பழுது எதுவும் இல்லை, வேன் கணக்குதான்.

தமிழில் ஹேஷ்டேக் போடுவதில் நமக்கே உரிய ஒரு சிக்கல், வேற்றுமை உருபு. #சுங்கைசிப்புட் ஒன்று, #சுங்கைசிப்புட்டில் வேறொன்று, #சுங்கைசிப்புட்காரர் மூன்றாவது. வாக்கியத்துக்குள் ஹேஷ்டேக் வைத்தால் உருபு தானாக ஒட்டிக்கொள்ளும். பதிவு வேறு தொட்டியில் போய் விழும். வாக்கியத்தை இயல்பாக எழுதி முடித்துவிட்டு, கடைசி வரியில் உருபு ஒட்டாத தமிழ் ஹேஷ்டேக் ஒன்றும் ரோமன் ஹேஷ்டேக் ஒன்றும் போடுவதுதான் வழி. இடைவெளியோ இணைப்புக்கோடோ வந்தால் ஹேஷ்டேக் அங்கேயே அறுந்துவிடும். பதிவு 'பொது' என்ற நிலையிலும் இருக்கவேண்டும். 'பட்டியலிடாதது' என்று போட்டால் ஹேஷ்டேக் பக்கத்தில் வராது. 500 எழுத்து வரம்பைப் பற்றித் தமிழர்கள் பயப்பட வேண்டியதில்லை. உயிர்மெய்யை ஒரே எழுத்தாகத்தான் எண்ணுகிறது.

சொல்லை வைத்துத் தேடும் வசதி 2023 செப்டம்பரில் 4.2 பதிப்போடு விரிந்தது. அதற்குச் சேவையகத்தில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை நிறுவியிருக்கவேண்டும், எழுதியவரும் தன் பதிவுகள் தேடலில் வரலாம் என்று அமைப்பில் சம்மதித்திருக்கவேண்டும். சங்கத்தின் கணக்கு திறந்த அன்றே 'தனியுரிமையும் சென்றடைதலும்' பகுதியில் அந்தப் பெட்டியையும், கணக்கைப் பிறருக்குப் பரிந்துரைக்கும் பெட்டியையும் டிக் செய்யவேண்டும். இதை மறந்துவிட்டு ஒரு வருஷம் எழுதினாலும் தேடுகிறவருக்குச் சிக்காது.

மாஸ்டடானில் இருப்பவர் லெம்மிக் குழுவைப் பின்தொடரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆச்சரியக்குறிக்குப் பதில் அட் குறி போட்டு @குழுப்பெயர்@சேவையகம் என்று தேடினால் ஓர் ஆள் மாதிரி வந்து நிற்கும். பின்தொடர்ந்தால் குழுவின் புதிய பதிவுகள் பகிர்வுகளாக வரும். அவர் அந்தப் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் அது குழுவில் புதிய பதிவாக விழும். முதல் வரி தலைப்பாகிவிடும். 'வணக்கம்' என்று தொடங்கினால் குழுவில் வணக்கம் என்ற தலைப்பில் பத்துப் பதிவு நிற்கும், அதையும் சொல்லிவைக்கவேண்டும். லெம்மியின் புதிய பதிப்புகள் குழுப் பெயரையே ஹேஷ்டேக்காகச் சேர்த்து மாஸ்டடானுக்கு அனுப்புகின்றன. முகவரி முழு மலாய் வடிவத்தில் இருந்தால் மக்கள் இயல்பாகத் தட்டும் ஹேஷ்டேக்கோடு அது ஒத்துப்போகும். சுருக்கி வைத்தவர்களுக்கு இந்த லாபம் கிடையாது.

எம்பின், பைஃபெட்

கேபின் என்ற மென்பொருளிலிருந்து 2023-ல் பிரிந்தது எம்பின். குழுவை இங்கே 'மேகசின்' என்பார்கள். நடத்துபவர் அதற்குச் சில ஹேஷ்டேக்குகளைக் கட்டிவிடலாம். அந்தச் சேவையகத்துக்கு வந்து சேரும் மாஸ்டடான் பதிவுகளில் அவை இருந்தால் தானாகவே மேகசினில் வந்து சேரும். மூன்று எழுத்துக்கூட்டலையும் கட்டிவிட்டால், குழு இருப்பதே தெரியாமல் எழுதுபவரின் பதிவும் நம் பக்கம் வந்துவிடும். ஊர்ப்பெயர்க் குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து வேறெதிலும் இல்லை. குறை என்னவென்றால் எம்பின் சேவையகங்கள் லெம்மி அளவுக்குப் பரவலாக இல்லை, கைப்பேசிச் செயலிகளும் குறைவு.

பைஃபெட் பைத்தானில் எழுதியது. குழுக்களைத் தலைப்புவாரியாக அடுக்கிக் காட்டுவதால் பெயர் தெரியாமல் மேய்பவருக்கு வசதி. லெம்மிக் குழுக்களோடு நன்றாகவே பேசும். ஃபிரெண்டிக்காவிலும் குழு உண்டு, ஆனால் அந்த இடைமுகத்தை நம் பெரியவர்களிடம் கொடுத்தால் மறுநாளே புலனத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

சொந்தச் சேவையகம்

கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் சங்கத்தில் இருந்தால் 'நாமே ஒன்று போட்டுவிடலாம்' என்பார். வாடகை மாதம் சில பத்து ரிங்கிட்தான், ஆனால் வேன் எதுவுமே வராத தோட்டத்தில் வீடு கட்டுவது இது. முதல் நாள் பொதுப் பக்கம் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு குழுவையும் கையால் முகவரி கொடுத்து அழைத்துவரவேண்டும். புதிய உறுப்பினருக்குப் போகவேண்டிய உறுதி மின்னஞ்சல் போகாது, ஏனென்றால் வாடகைச் சேவையகங்களில் பல, மின்னஞ்சல் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருக்கின்றன. மின்னஞ்சலுக்குத் தனிச் சேவை பிடிக்கவேண்டும். படங்கள் சேரச் சேர வட்டு நிரம்பும். களப்பெயரைப் பிறகு மாற்றினால் உறவு அத்தனையும் அறுந்துபோகும். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சமூக ஊடக உரிமம் மலேசியாவில் 8 மில்லியன் பயனர்களோ அதற்கு மேலோ கொண்ட தளங்களுக்கானது என்பதால் அந்தக் கவலை இல்லை. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் மட்டும் எல்லாருக்கும் பொது. அந்தப் பிள்ளை வேலை கிடைத்து பினாங்குக்குப் போய்விட்டால் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் வராத வரைக்கும் இந்த வழி வேண்டாம்.

புளூஸ்கை

புளூஸ்கை ஏடி புரோட்டோகால் என்ற வேறு நெறிமுறையில் ஓடுகிறது. எல்லார் பதிவையும் ஒரே இடத்தில் திரட்டிக் காட்டுவதால் தேடினால் எல்லாமே வரும், வேன் கணக்கு இல்லை. கண்டுபிடிப்பதை மட்டும் பார்த்தால் ஆக எளிது இதுதான். ஆனால் கூடிப் பேசக் குழு கிடையாது. அதற்குப் பதில் இரண்டு வழி உண்டு. 2024 ஜூனில் வந்த 'ஸ்டார்ட்டர் பேக்'கில் 150 பேர் வரை சேர்த்து ஒரே இணைப்பாகக் கொடுக்கலாம். சொல்லையோ ஹேஷ்டேக்கையோ வைத்து, பொருந்தும் பதிவுகளைத் தானாகத் திரட்டும் தனி ஃபீடு ஒன்றையும் கட்டலாம். ஸ்கைஃபீடு மாதிரிக் கருவிகளில் நிரல் எழுதாமலே முடியும், எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒன்றாகப் போட்டுவிடலாம். எழுதியதை மட்டுறுத்தவோ ஒட்டிவைக்கவோ பொறுப்பாளர் என்று யாரும் இருக்கமாட்டார்கள். பிரிட்ஜி ஃபெட் என்ற இணைப்புச் சேவை வழியாக மாஸ்டடான் பக்கத்தோடு இணைக்கலாம், ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே சம்மதிக்கவேண்டும்; ஐம்பது மாமா மாமிகளை அதற்கு இணங்கவைப்பதற்குள் அடுத்த திருவிழா வந்துவிடும்.

எதை எடுப்பது

சங்கத்துக்கும் கோயிலுக்கும் எங்கள் பரிந்துரை, நடுத்தரச் சேவையகம் ஒன்றில் லெம்மி அல்லது பைஃபெட் குழு, அதன் வாசலாக ஒரு மாஸ்டடான் கணக்கு. ஹேஷ்டேக்கில் எழுதும் இளையவர்கள் ஏற்கெனவே நிறைய இருந்தால் மட்டும் எம்பின். படம் போட்டு, நாலு வரி எழுதிவிட்டுப் போகும் கூட்டம் என்றால் புளூஸ்கை ஃபீடே போதும், குழு நடத்தும் பாரம் வேண்டாம்.

திறக்கும் முன் ஐந்து வேறு வேறு சேவையகங்களில் ஐந்து பேரைக் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். ஒரே சேவையகத்தில் ஐம்பது பேர் சேர்வதைவிட இது பெரிது. ஐந்து பேர் ஐந்து தோட்டத்தில் சந்தா கட்டியதாகிறது. குழு திறந்த நிமிடத்தில் அவர்கள் சேர்ந்துவிடவேண்டும், அதற்குப் பிறகுதான் முதல் பதிவு. பதிவுகளை நிரப்பிவிட்டு ஆட்களை அழைத்தால் பழையவற்றில் பாதி அவர்களுக்குப் போய்ச் சேராது. மாதம் ஒருமுறை அந்த ஐவரில் ஒருவர் தன் பக்கத்திலிருந்து பார்த்து, அண்மைப் பதிவு தெரிகிறதா என்று சொல்லவேண்டும். ஐவரில் யாரும் சும்மா விலகிவிடக் கூடாது.

திருவிழா நோட்டீசில் கியூஆர் போடும்போது அது நம் சேவையகத்தில் உள்ள குழுப் பக்கத்துக்கே போகட்டும். கணக்கு இல்லாதவரும் படிக்க முடியும். அதற்குக் கீழே ஆச்சரியக்குறியோடு முழு முகவரியை, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள். அச்சகத்தில் ஆச்சரியக்குறியைப் பிழை என்று நினைத்து எடுத்துவிடுவார்கள், புரூஃபில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.